இரண்டரை டிகிரி வலம்

எச்சரிக்கை: படங்கள் எல்லாம் ஒரே திசையமைவில் இல்லை.

மஞ்சள் எழுத்து. மூன்றாம் தடவை.
டர்பனில் பிற்பகல் நாலு மணி, கடற்காற்று
ஜன்னல் சட்டத்தில் உப்பாய்ப் படிகிறது.
கோப்பின் தலைப்பகுதியைத் திறந்து பார் என்கிறாள் நோம்வூலா,
தன் திரையிலிருந்து கண்ணெடுக்காமல்.

பார்த்தேன்.
முதல் நூற்றிருபது படங்களுக்கு ஓர் அணிக்கோவை,
மீதி நூற்றெண்பதுக்கு வேறொன்று.
நடுவே ஒரு மின்வெட்டு இருந்திருக்கிறது.
ஜெனரேட்டர் உறுமி எழுமுன்
அவரைக் குழாயிலிருந்து வெளியே இழுத்து, தண்ணீர் கொடுத்து,
மறுபடி படுக்கவைத்தோம்
அதே இடத்தில் என்று நினைத்து.
நாலு மில்லிமீட்டர் தள்ளி.
மண்டைக்குள் நாலு மில்லிமீட்டர்
பக்கத்து ஊர்.

திருத்தினேன். மையப்புள்ளியைக் கொண்டுபோய்
இரு பாதி மூளையும் கைகோக்கும் முன்முனையில் நட்டேன்.
மஞ்சள் போனது.
சிவப்பு வந்தது: அளவு மீறிய அசைவு, பதினான்கு இடங்களில்.

திரையில் ஆறு கோடுகள். ஐந்து
காற்றில்லாத குளம்போலக் கிடக்கின்றன.
ஆறாவது, கழுத்தின் திருப்பம்,
துள்ளுகிறது, வலப்பக்கம், இரண்டரை டிகிரி,
உடனே திரும்பிவிடுகிறது.
இருமல் இப்படி இடப்பக்கத்தை மறக்காது.

பதினேழாம் நபர். சற்குணம் படையாச்சி, அறுபத்துமூன்று.
சாட்ஸ்வொர்த்திலிருந்து வார்விக் சந்தைக்கு
இருபத்தொன்பது வருடம் பஸ் ஓட்டியவர்.
கண்ணுக்கு மேலிருந்த சிறு கண்ணாடியில்
நாங்கள் காட்டியது ஒரு சாலைப் படம்.
அதைப் பக்கத்தில் ஓடவிட்டு நொடிகளைப் பொருத்தினேன்.

ஒவ்வொரு துள்ளலும்
பஸ் ஒரு நிறுத்தத்தை விட்டுக் கிளம்பும் நொடி.
வலது கண்ணாடியைப் பார்க்கிறார்,
பின்னால் வண்டி வருகிறதா என்று.
பஞ்சு திணித்து, பட்டை கட்டிய தலையால்
அவ்வளவுதான் முடிந்திருக்கிறது.

போன் செய்தேன். அசைந்தீர்களா, ஐயா?
சிலையாட்டம் கிடந்தேன் என்றார் ஆங்கிலத்தில்.
நடுவே ஒரே ஒரு தமிழ்ச் சொல்: சத்தியமா.

வெட்டிவிடு என்கிறாள் நோம்வூலா. விதி அதுதான்.
பதினான்கு நிறுத்தங்கள்,
முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று சேர்த்து
நாற்பத்திரண்டு படங்கள் போயின.
காரணம் எழுதும் கட்டத்தில் நூறு எழுத்துக்கு இடமுண்டு.
தலை அசைவு என்று எழுதினேன்.
கொஞ்ச நேரம் கர்சர் மினுக்கிக்கொண்டிருந்தது.

பதினெட்டாம் நபர்.
மஞ்சள்.