கூட்டல் இரண்டரை

நார்வேயிலிருந்து வந்த பெட்டிகள்
தூலியாரா துறைமுகத்தில் நான்கு மாதம் கிடந்தன.
சுங்க அதிகாரிக்கு ஒரு கறுப்புக் கண்ணாடி போன பிறகுதான்
லாரி ஏறின.

பிரித்தால்
ஆயிரத்து அறுநூறு மூக்குக்கண்ணாடிகள்,
பெரும்பாலும் செத்துப்போனவர்களுடையவை.
சிலவற்றின் மூக்குத்தாங்கியில் இன்னும் முகப்பூச்சு.

ஹல்வார் ஒவ்வொன்றாகக் கருவியில் வைத்து எண் சொல்வார்,
நான் எழுதி ஒட்டுவேன்.
கூட்டல் ஒன்று. கூட்டல் மூன்று. கழித்தல் ஆறு.
கழித்தல் ஆறு இங்கே யாருக்கு?
"மாட்டை ஆடென்று நினைக்கிற ஒருவன்
எங்காவது இருப்பான், வை."

உண்மையில் என் வேலை மொழிபெயர்ப்பு.
ஹல்வாரின் பிரெஞ்சு
பனிக்கட்டிமேல் நடப்பவனைப் போல ஒவ்வொரு அடியாய் வரும்
(பனிக்கட்டியை நான் பார்த்ததில்லை, அவரே சொன்னது).
அதை வாங்கி பாரா மொழியில் கொடுப்பேன்.
முழுவதும் கொடுப்பதில்லை.

"இனி நீங்கள் வேதம் வாசிக்கலாம், அம்மா" என்பார்.
"இனி அரிசியில் கல் தெரியும்" என்பேன்.
வந்தவள் வாய்விட்டுச் சிரிப்பாள்.
வேதத்துக்கு இவ்வளவு மகிழ்ச்சியா என்று
அவர் முகம் சிவந்துபோகும்.
வருடக்கணக்கில் இப்படித்தான்
எங்கள் இருவர் வழியாகவும் ஊழியம் நடந்தது.

வோலாசுவா வந்தது மழைக்கு முந்தைய வாரம்.
வற்றிய ஆற்று மணலில் இரண்டு நாள் நடை.
கூட்டல் இரண்டரை.
மாட்டியதும் தன் உள்ளங்கையைப் பார்த்தாள்,
பிறகு முகத்தருகே வந்து என்னை.
"உனக்கு இவ்வளவு வயதாகிவிட்டதா!"

அப்புறம்தான் கண்ணாடிக் கூட்டின் உள்ளே
பேனாவால் எழுதியிருந்ததைக் கண்டாள்.
"இது யார்?"
குன்ஹில்ட். கீழே ஒரு தெருவின் பெயர்.
"இருக்கிறாளா, போய்விட்டாளா?"
போயிருப்பாள் என்றேன்.
"அப்படியென்றால் கேட்காமல் எப்படி எடுத்துக்கொள்வது?"

இடுப்புத் துணியிலிருந்து ஒரு குப்பி.
அறையின் வடகிழக்கு மூலையில்,
தடுப்பூசிக் குளிர்பெட்டிக்கும் சுவருக்கும் நடுவே
மூன்று சொட்டு ரம் விட்டு
குன்ஹில்டிடம் நெடுநேரம் பேசினாள்:
பேரப்பிள்ளைகள் எத்தனை,
எந்த வருடம் ஊசியின் காது மறைந்தது,
மருமகள் அளக்கும்போது எவ்வளவு அரிசி குறைகிறது.

"என்ன சொல்கிறாள்?"
"நன்றி சொல்கிறாள்."
"நீளமான நன்றி."
"எங்கள் மொழி அப்படி."

வாசனை அவருக்கும் எட்டியிருக்கும்.
மாலையில் துடைப்பம் எடுத்து
அந்த மூலையை மட்டும் விட்டுவிட்டுப் பெருக்கினார்.

அடுத்த ஆண்டு, அதே வாரம், மறுபடி வோலாசுவா.
கண்ணாடியின் ஒரு கொம்பு உடைந்து
ராஃபியா நாரால் கட்டியிருந்தது.
வேறு வேண்டும் என்றாள். உடைந்ததற்காக இல்லை.

"கனவில் வருகிறாள். பேசுவதில்லை.
மேசைமேல், தலையணைக்கடியில், கை துழாவிக்கொண்டே இருக்கிறாள்.
பாவம், அவளுக்கும் அங்கே
ஊசி கோக்க வேண்டியிருக்காதா?
இதைத் திருப்பி அனுப்புங்கள்."

"என்ன சொல்கிறாள்?"

முதல்முறையாக ஒன்றையும் விடாமல் சொன்னேன்.
ரம்மையும். அரிசியில் கல்லையும்.
இத்தனை வருடத்தையும்.

ஹல்வார் தன் கண்ணாடியைக் கழற்றி
சட்டை நுனியால் துடைத்தார்.
அது சுத்தமாகத்தான் இருந்தது.
பிறகு, தலைமையகத்துக்குப் போகும் பதிவேட்டை விரித்தார்.
வழங்கியதற்குக் கட்டம் உண்டு, உடைந்ததற்கு உண்டு,
திரும்பியதற்கு இல்லை.
அளவுகோல் வைத்து ஒரு கோடு போட்டார்.
பெற்றுக்கொண்டவர்: குன்ஹில்ட்.
கையொப்பத்துக்கான இடத்தில் பேனா நின்றது.
ஏட்டை வோலாசுவாவின் பக்கம் திருப்பினார்.
அவள் கட்டைவிரலை மையில் தோய்த்தாள்.

வரிசையில் அடுத்தவன் உள்ளே வந்து
குளிர்பெட்டிக்கு வணக்கம் சொன்னான்.
கழித்தல் ஆறை எங்கே வைத்தோமென்று
நாங்கள் இருவரும் தேடத் தொடங்கினோம்.