நான்கு கண்ணி உயரம்

"மூச்சை இழுங்க, அப்படியே நிறுத்துங்க" என்று சொல்லிவிட்டு
ஈயக் கதவுக்குப் பின்னால் போய் நிற்பது என் வேலை.
கதிரிடமிருந்து ஓரடி தள்ளினாலும் லாபம்
என்பது இருபத்தோரு வருஷமாக
என் முதுகுக்குத் தெரியும்.
சட்டைப்பையில் குத்திய சின்னப் பட்டை
என் உடம்பு வாங்கிய கதிரை
மூன்று மாதத்துக்கு ஒருமுறை கணக்குச் சொல்லும்.

வீட்டில் எல்லாம் தலைகீழ்.
ஜன்னல் விளிம்பில், தயிர் டப்பாக்களில்,
முப்பத்தாறு குடைமிளகாய் நாற்று
கிட்டே வா, இன்னும் கிட்டே வா என்று
விளக்கைப் பார்த்துக் கழுத்தை நீட்டுகின்றன.
தண்டு நூலாகிவிட்டது.

வெளியே மைனஸ் நாற்பத்து மூன்று.
யாகூத்ஸ்கில் பிப்ரவரி வெயில்
வாசலில் எட்டிப் பார்த்து
பூட்ஸைக் கழற்றாமலே திரும்பிவிடும் விருந்தாளி.

பாதுகாப்பு அலுவலர் இன்னோகெந்தியிடம்
லக்ஸ் மீட்டர் ஒன்று கடன் வாங்கினேன்.
நர்ஸுகளின் மேசையில் வெளிச்சம் போதுமா என்று பார்க்க வைத்திருந்தது.
ரசீது எழுதிக் கையெழுத்தும் வாங்கிக்கொண்டார்.

நாற்பது செண்டிமீட்டரில் முந்நூற்று அறுபது.
இருபதில் நான்கு மடங்காக வேண்டும், பாடப்புத்தகப்படி.
ஆகவில்லை. தொள்ளாயிரத்துப் பத்தில் நின்றுவிட்டது.
என் விளக்கு புள்ளி இல்லையே, பலகை;
தூரத்திலும் ஓரத்து வெளிச்சம் ஒழுகி வந்து சேர்கிறது.
மூலை டப்பாவில் வெறும் நூற்று இருபது.
எந்தப் பந்தியிலும்
கடைசி இலைக்கு ரசம் தெளிவாகத்தான் வரும்.

எண் சிறிதாயிருக்கிறதே என்று
கொக்கியிலிருந்து ஏழு கண்ணி இறக்கினேன்.
மூன்றாம் நாள்
உச்சி இலைகள் வெளுத்து, ஓரம் சுருண்டு,
தொட்டால் காகிதம்.

அப்புறம்தான் உறைத்தது.
அந்தக் கருவி மனிதக் கண்ணுக்காகச் செய்தது.
பச்சை முணுமுணுத்தாலும் கேட்கும்,
சிவப்பும் நீலமும் கத்தினாலும் பாதிச் செவிடு.
என் விளக்குக்கோ அந்த இரண்டைத் தவிர
வேறு பேச்சே தெரியாது.
தொள்ளாயிரம் என்றது எனக்குச் சொன்ன கணக்கு.
இலை வேறு கணக்கில் தின்றிருக்கிறது.

மீட்டரைத் திருப்பிக் கொடுத்து ரசீதைக் கிழித்தேன்.
மூன்று கண்ணி ஏற்றினேன்.
குமிழை எழுபதுக்குத் திருகினேன்.
மூலையில் இருந்ததை நடுவுக்கு, நடுவில் இருந்ததை மூலைக்கு.
இரவு பத்து மணிக்கு அணைத்துவிட்டுக் காலையில் போய்
இலை ஓரத்தை விரலால் தடவிப் பார்ப்பேன்.
பதில் வர நான்கு நாள் ஆகும்.

அந்த வாரம் கதவு தட்டும் சத்தம்.
மூன்றாம் வாசல் டாக்ஸிக்காரர், உலுக்மான், ஓஷ் பக்கத்துக்காரர்.
புகார்தான் என்று நினைத்தேன்;
என் கத்தரிப்பூ நிற ஜன்னலைப் பற்றி
இந்தக் கட்டடத்தில் இல்லாத கதை இல்லை.
தொப்பி விளிம்பில் உறைந்த மூச்சோடு அவர் கேட்டார்:
"விளக்கு மங்கிப்போச்சே, உடம்புக்கு ஏதாவது?"

சொந்தக் காரின் மூக்கே தெரியாத பனிமூட்டத்தில்
முற்றத்துக்குள் திரும்பும் இடத்தை
அந்த நிறத்தை வைத்துத்தான் பிடிப்பாராம்.
மங்கலானாலும் பரவாயில்லையாம்.
பத்து மணிக்கு அணைந்துவிட்டால்தான்
கட்டடத்தை இரண்டு தடவை சுற்றுகிறாராம்.

செடிக்கும் எட்டு மணி நேரம் தூக்கம் வேண்டும் என்றேன்.
"தூங்கட்டுமே. பகல்ல தூங்கினா ஆகாதா?
நான் அப்படித்தானே."

இப்போது டைமர் மாலை நான்குக்கு ஏற்றுகிறது,
காலை எட்டுக்கு அணைக்கிறது.
பகலைப் பாதி உறைபனி மறைக்கிறது,
மீதிக்கு ஒரு பழைய போர்வை.
நான்கு கண்ணி உயரம். குமிழ் எழுபதில்.
ஐந்தாம் இலை கரும்பச்சையாக வந்திருக்கிறது,
மூலையில் உள்ளதும்கூட.
சில இரவுகளில் பன்னிரண்டரை வாக்கில்
கீழே ஒரு கார் தயங்கி, திரும்பி, நிற்கிறது.

நேற்று என் பட்டைக்கு அறிக்கை வந்தது.
இந்த மூன்று மாதத்தில் நான் வாங்கிய கதிர்:
அளவிடக்கூடியதற்கும் கீழே.