மாதிரிக் கையொப்பம்

உரச்சாக்கிலிருந்து உருவி
மட்டையைக் கவுண்டரில் வைத்தார்.
"ஐம்பத்தெட்டாம் வருசம், மேடம்.
பிரமநாயகம் சார் சதம் அடிச்ச மட்டை.
கையெழுத்து நெசந்தான்னு ஒரு சீல் குத்தித் தாங்க.
மெட்ராஸ்ல ஒருத்தர் வாங்குதேன்னு சொல்லுதாரு."

மணி மூன்றே முக்கால். கரண்ட் இல்லை.
அம்பாசமுத்திரம் கிளையில் இருபத்தாறு வருஷம்
காசோலையின் கீழ்மூலையை வைத்தே
ஆளை அறிகிறவள் நான்.
முகம் மறந்துபோகும்,
ஒருவர் போடும் ‘ழ’வின் வால் மறக்காது.

சீல் குத்த முடியாது என்றேன்.
பார்க்கலாம் என்றேன்.

கையெழுத்தைக் கடைசிக்கு வைத்தேன்.
அது பேச ஆரம்பித்தால்
மற்றதெல்லாம் வாயை மூடிக்கொள்ளும்.

ஆளிவிதை எண்ணெய் குடித்துக் குடித்து
வறுத்த கடலைத் தோல் நிறத்தில் மரம்.
கைப்பிடியில் சைக்கிள் ட்யூப் அறுத்துச் சுற்றிய ரப்பர்.
தோளில் பாதி உரிந்த கம்பெனிச் சீட்டு:
மீரட், அதன் பக்கத்தில்
ஆறு இலக்கம்.

பின்கோடு இந்த நாட்டுக்கு வந்தது எழுபத்திரண்டில்.
ஐம்பத்தெட்டில் சதம் அடித்தது
பதினாலு வருஷம் கழித்துப் பிறந்திருக்கிறது.

நான் ஒன்றும் சொல்லவில்லை.
அவர் பாஸ்புக்கால் விசிறிக்கொண்டிருந்தார்.

அடியில் ஒரு விரிசல்,
அதன் குறுக்கே பேர்.
விரிசல் பிறகு விழுந்திருந்தால் கோடு அறுந்திருக்கும்.
இங்கே மை உள்ளே இறங்கியிருக்கிறது,
மடை திறந்த வயலில் தண்ணீர் போல.
உடைந்த மட்டையில்தான் எழுதியிருக்கிறார்.

யார்?

இரும்பு அலமாரி. வெளியாருக்குக் காட்டக்கூடாத அட்டைகள்.
காட்டவில்லை, பார்த்தேன்.
வ. பிரமநாயகம், மில் தொழிலாளி, விக்கிரமசிங்கபுரம்.
மேலே ஒரு கையொப்பம், ஓடப்போகிறவன் போல முன்னால் சாய்ந்து,
சிவப்பு மையில் ரத்து.
கீழே இன்னொன்று, எழுபத்தொன்று:
எழுத்தெல்லாம் பின்னுக்குச் சரிந்து,
‘ய’ ஒவ்வொரு வளைவிலும் மூச்சு வாங்கி.
ஓரத்தில் அன்றைய மேனேஜர் குறிப்பு:
வலது கை இயந்திரத்தில் போய்விட்டது. இனி இடது.

மட்டையில் இருப்பது இடது.

பின்புறம் திருப்பினேன்.
ஒரு தீப்பெட்டி அகலத்துக்கு மரம் வெளுத்துக் கிடந்தது,
உப்புத்தாள் தேய்த்த புது வெளுப்பு.
டார்ச்சைச் சரித்துப் பிடித்தேன்.
இடது கை பேனாவை இழுக்காது, தள்ளும்;
நிப்பு மரத்தைக் கீறும்.
மையைத் தேய்க்கலாம், பள்ளம் கொஞ்சம் தங்கும்.
ஒரு ‘கா’.
நிழலில் எழுந்து வந்த ‘ளி’.
‘ராஜுக்கு’.
அதற்கும் கீழே, சின்னதாக:
முழங்கையைத் தூக்கு.

"காளிராஜ் யாரு?"

விசிறல் நின்றது.
"பேரு போட்டிருந்தா பாதி விலைதானாம், மேடம்.
எவனுக்கோ கொடுத்தத எவன் வாங்குவான்னு கேட்டாரு."

பாஸ்புக்கின் அட்டையை அப்போதுதான் படித்தேன்.
சே. காளிராஜ்.

"ஆறாங்கிளாஸ். மில் மைதானத்துல பந்து பொறுக்கப் போவேன்.
கழிச்சுப் போட்ட மட்டை இது. எண்ணெய் போட்டுத் தந்தாவ.
அந்தச் சதம் நான் பாக்கல.
அப்ப பொறக்கவே இல்ல."

வெள்ளைத் தாளில் எழுதிக் கொடுத்தேன், சீல் இல்லாமல்:
கையொப்பம் மெய். ஆண்டு தவறு.
பின்புறம் ஒரு பெயர் நீக்கப்பட்டுள்ளது.
நீக்கியவர் அதற்கு உரியவர்.

இரண்டு தடவை படித்தார்.
"சார் எழுத்து எனக்கு அப்படியே வரும்.
பள்ளத்து மேலயே பேனாவ ஓட்டிரட்டா?"

"வேண்டாம்.
இனி எழுதினா அதுதான் போலி."

கரண்ட் வந்தது.
மின்விசிறி அந்தத் தாளைத் தூக்கி
நகைக்கடன் கவுண்டருக்கு அடியில் தள்ளியது.
மட்டையைக் கீழே வைக்காமல்
குனிந்து எடுத்தார்.