ஒரு பக்கம் இருபது காசு

குணாளன் அண்ணே,
மெஷின் சூடாக இன்னும் இரண்டு நிமிஷம்.
உட்காருங்கள்.
அந்த நாற்காலி வேண்டாம், கால் ஆடும்.

செம்பனை ஆலையை மூடியபின்
இந்தக் கடைக்கு வரும் முப்பத்தோராவது ஆள் நீங்கள்.
பாடாங் செராயில் தட்டச்சுத் தெரிந்தவள் நான் ஒருத்தி என்று
யாரோ சொல்லிவிட்டார்கள்.
எல்லோரிடமும் கேட்பது ஒன்றுதான்:
என்ன வேலை பார்த்தீர்கள்?
எல்லோரும் சொல்வதும் ஒன்றுதான்:
"சும்மா, ஆலையில."

சும்மாவுக்கு இந்தப் பாரத்தில் கட்டம் இல்லை, அண்ணே.

பாய்லர் பக்கமா? எத்தனை வருஷம்?
பத்தொன்பது.
அது முதல் வரி.
அழுத்தம் ஏறினால் முதலில் பார்ப்பது யார்?
"நான்தான்."
இரவு ஷிப்டில் உங்களுக்குக் கீழே எத்தனை பேர்?
"கீழ எல்லாம் இல்லம்மா, கூட. நாலு பேரு.
ரெண்டு பேரு நேப்பாள்."
அப்படியென்றால் மலாய், கொஞ்சம் இந்தி,
இரைச்சலில் கையால் பேசும் பாஷை ஒன்று.
அதற்கும் ஒரு வரி.
புறங்கையை வைத்தாலே
எந்த பேரிங் போகப்போகிறது என்று தெரியுமாமே,
அதற்கு எனக்குச் சொல் அகப்படவில்லை.
'பராமரிப்பு அனுபவம்' என்று போட்டேன்.
புறங்கை விட்டுப்போயிற்று. மன்னியுங்கள்.

சட்டிபிகேட் எங்கே?
அலமாரியில், கல்யாணப் பத்திரிகைகளுக்கு அடியில்.
கொண்டு வாருங்கள், மூன்று நகல் எடுப்போம்.
அசலை எங்கும் விட்டுவிட்டு வராதீர்கள்,
முருகனே கேட்டாலும் நகல்தான்.

வயதை மறைத்துப் பயனில்லை.
ஐசி நம்பரின் முதல் இரண்டு இலக்கமே
காட்டிக்கொடுத்துவிடும்.

கூலிமில் ஆள் எடுக்கிறார்கள், முன்பணம் முந்நூறு வெள்ளி என்று
வாட்சாப்பில் சுற்றுகிறதே, அவனை விட்டுவிடுங்கள்.
வேலை கொடுப்பவன் காசு கேட்க மாட்டான்.
என் சித்தி மகன் துர்கேஷ் கட்டினான்.
கம்பெனி பெயர் போட்டுச் சட்டை வந்தது.
கம்பெனி வரவில்லை.

நேர்முகத்துக்கு முதல் நாளே
மோட்டாரில் ஒருமுறை போய்விட்டு வாருங்கள்.
எந்த வாசல், மழை பெய்தால் எவ்வளவு நேரம்.
வேலை கிடைத்தால் பஸ் உண்டு,
ஐந்தரைக்குச் சீனர் கோயில் முன்னால் நிற்கும்.

சம்பளம் எவ்வளவு எதிர்பார்க்கிறீர்கள் என்பார்கள்.
"நீங்க பாத்துக் குடுங்க" என்று மட்டும் சொல்லாதீர்கள்.
அந்த ஒரு வாக்கியத்தில்தான்
நம் அப்பாக்கள் வீடு வாங்காமல் போனார்கள்.
ஓவர்டைம் உண்டா, சொக்சோ பிடிப்பீர்களா,
கேளுங்கள். கேட்டால் மரியாதை குறையாது.

ஆலையை ஏன் விட்டீர்கள் என்றால்?
"நான் எங்க விட்டேன், அதுதான் என்னை விட்டுச்சு."
நல்ல பதில். அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.
முதலாளியைத் திட்ட
நமக்கு ஞாயிற்றுக்கிழமை இருக்கிறது.

பேச்சுவாக்கில் தாள் மாட்டிக்கொண்டது.
நான் எழுவதற்குள் நீங்கள் குனிந்துவிட்டீர்கள்.
மூடியைத் திறந்து, புறங்கையை வைத்து,
"உருளை தேஞ்சிருச்சு. ஒரு மாசம் ஓடும்."

ஒரு மாதம் போதும் என்றேன்.
அடுத்த மாதக் கடைசியில் ஆ ஹெங் கடையை மூடுகிறார்.
அம்மாவிடம்கூட இன்னும் சொல்லவில்லை.

நிமிர்ந்து பார்த்தீர்கள்.
"நீ என்ன வேலம்மா பாத்த, இங்க?"

நாக்கு நுனிவரை வந்துவிட்டது
அந்தச் சொல்.

பதினொரு நாள் கழித்து உங்கள் செய்தி:
'பஸ் அஞ்சரைக்கு இல்ல, அஞ்சு பத்துக்கே வந்திருது.
எல்லாருக்கும் தப்பா சொல்லிக்கிட்டு இருக்க. மாத்து.'

மாற்றிவிட்டேன்.
பெரிய எழுத்தில் கதவில் ஒட்டியிருக்கிறது.

அன்றைக்கு மூன்று பக்கம், அறுபது காசு.
ஒரு வெள்ளியை வைத்துவிட்டுப் போய்விட்டீர்கள்.
மீதி நாற்பது காசு டப்பாவில் இருக்கிறது,
கடை இருக்கும்போதே வாருங்கள்.