காபி கொடுக்கப்பட்டது

முப்பத்தோரு வருடம்
பஃபலோ நகர நீதிமன்றத்தில்
பிறர் பேசியதைச் சுருக்கெழுத்தில் தட்டியவள் நான்.
செஸ்டர் கோர்னியாக்கை இரண்டு விதமாக எழுதியிருக்கிறேன்:
துப்பறிவாளராக,
அப்புறம் வக்கீலாக.

துப்பறிவாளர் பேசினால் எனக்கு வசதி.
முற்றுப்புள்ளி எங்கே விழும் என்று
விரலுக்கு முன்பே தெரியும்.
"ஆம்." "இல்லை." "குறிப்பில் உள்ளபடி."
ஜூரியைப் பார்த்து ஒருதரம் தலையசைப்பார்,
ஏரி உறைந்துவிட்டது, தாராளமாக நடக்கலாம் என்பதுபோல்.
நடந்தார்கள்.

ஐம்பத்திரண்டில் ஓய்வு.
அடுத்த செப்டம்பர் சட்டக் கல்லூரி.
முதல் நாள் பிள்ளைகள் காவலாளி என்று நினைத்து
கழிப்பறைச் சாவி கேட்டார்களாம்.
தேர்வில் ஒருமுறை தோற்றார்.
பிராட்வேயில் பல் வைத்தியர் காலிசெய்த மாடியறை அலுவலகம்;
வாய் கொப்பளிக்கும் தொட்டி இன்னும் சுவரில் இருக்கிறது,
கட்சிக்காரர்கள் ஈரத் தொப்பியை அதில் வைப்பார்கள்.

அவர் ஓய்வு விருந்தில் கேக் வெட்டிய கை
இப்போது நடைகூடத்தில் அவரைக் கண்டால்
கோட்டுப் பைக்குள் போனது.
"ஏன் செஸ்டர்?" என்று ஒருவர் கேட்டார்.
"ஓய்வூதியம் பத்தல."
பொய் என்று எனக்குத் தெரிந்தது.
எது உண்மை என்று தெரியவில்லை.

குறுக்கு விசாரணையில் மட்டும் பழைய ஆள் எட்டிப் பார்ப்பார்.
"வெளிச்சம் நன்றாக இருந்தது," என்பான் இளம் காவலன்.
"எந்தக் கம்பத்து வெளிச்சம்?"
அந்தக் கம்பத்தடியில் நாலு குளிர்காலம் நின்றவர்.

பிறகு டெல்மர் ஹேஸ்கின்ஸின் அக்கா வந்தாள்.
தம்பி உள்ளே போய்ப் பத்தொன்பது வருடம்.
"நீங்கதான் உள்ளே போட்டீங்க.
எந்தக் கதவு வழியான்னு உங்களுக்குத்தானே தெரியும்."

சாட்சியும் வக்கீலும் ஒரே ஆளாக இருக்க முடியாது.
கோப்பை ரோஷெல் பிட்மனிடம் கொடுத்துவிட்டு
ஜனவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை
அதே பழைய நாற்காலியில் வந்து உட்கார்ந்தார்.
முழங்கால் வலி. உட்காரவே நேரமாயிற்று.

ரோஷெல் அறிக்கையை வாசித்தாள்:
"அதிகாலை மூன்று பத்து. காபி கொடுக்கப்பட்டது.
மூன்று இருபத்தைந்து. வாக்குமூலம் பெறப்பட்டது."
அந்தத் துறையின் இலக்கணமே அப்படி.
கதவு திறக்கப்படும், உரிமைகள் வாசிக்கப்படும்,
யாருக்கும் கை கிடையாது.

"உங்கள் கையெழுத்தா?"
"ஆம்."
"காபியை யார் கொடுத்தது?"

என் இயந்திரத்தில் இருபத்திரண்டு விசைகள்.
விரல்களைத் தூக்கி வைத்துக்கொண்டேன்.
வெந்நீர்க் குழாய் டொக்கென்றது.
வெளியே பனி வாரும் வண்டி
தெருவின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை போய்
திரும்பியும் வந்தது.
நீதிபதி ஏதோ சொல்ல வாயெடுத்து, விட்டுவிட்டார்.
டெல்மர் பார்த்தது செஸ்டரை அல்ல,
மேசைமேல் இருந்த தண்ணீர்க் கூஜாவை.

"யாரும் கொடுக்கவில்லை. நான்தான் குடித்தேன்.
அவர் எதிரில். அது மூன்றாவது கோப்பை."
"அவர் கேட்டாரா?"
"கேட்டார். தண்ணீரும் கேட்டார்."
"எத்தனை தடவை?"
"எண்ணவில்லை.
அதையெல்லாம் எண்ணுகிற ஆளாக அப்போது நான் இல்லை."

அவர் பேச்சில் முதல்முறையாக
முற்றுப்புள்ளி வைக்கத் தடுமாறினேன்.

தீர்ப்பு ஏப்ரலில் வந்தது. அது வேறு ஆவணம், வேறு ஆள் எழுதியது.
என்னுடையதில்
பக்கம் இருநூற்றுப் பதினாலு,
ஏழாம் வரியில் கேள்வி,
எட்டாம் வரியில் பதில்.
நடுவில் இடம் விட விதியில்லை.
வாசிப்பவர்கள் நினைத்துக்கொள்வார்கள்,
மனிதர் சட்டென்று சொல்லிவிட்டார் என்று.