இன்னும் எத்தனை செட்

சமாதானபுரத்தில் டயர்க் கடைக்கு மேல்மாடி.
பெஞ்ச் ஒன்று. நீளக் கம்பி ஒன்று.
இருபது கிலோத் தட்டு நான்கு.
ஒன்றின் விளிம்பு உடைந்திருக்கும்,
அது பத்தொன்பதரை என்பான் மைதீன் பிச்சை.
மாதம் அறுநூறு வாங்குகிற அவன்தான்
கரிக்கட்டியால் சுவரில் எழுதியவனும்:
தூக்கியவனே இறக்கி வை.
படுத்தவனே துடைத்து வை.
மூன்றாவதாக ஒன்று இருந்தது,
யாரோ முதுகு சாய்த்துச் சாய்த்து அழிந்துபோனது.

ஆறே காலுக்கு நான் வருவேன்.
பகலெல்லாம் வண்ணார்பேட்டை பார்சல் ஆபீசில்
கூலிக்குச் சுமந்துவிட்டு
இருட்டினால் காசு கொடுத்துச் சுமக்க.
அக்கா இதற்கு வைத்திருக்கும் பெயரை
இங்கே எழுத முடியாது.

ஆறரைக்கு அவன்.
கொம்பையா என்று பதிவேட்டில் பார்த்தேன்.
ஊர் என்ற கட்டத்தில் அவன் எழுதவில்லை.
நானும் எழுதவில்லை.
அவன் மணிக்கட்டில் ஒரு கயிறு.
என் மணிக்கட்டில் ஒரு கயிறு.
நிறம் வேறு.
எங்கள் பக்கத்தில் அதற்குமேல் விளக்கம் வேண்டாம்.

“இன்னும் எத்தனை செட்?”
“மூணு.”
“ஊடால நான் போட்டுக்கிடட்டா?”
“போடு.”

நான் அறுபது. அவன் நூறு.
அவன் முறைக்கு இரண்டு தட்டு ஏறும்,
என் முறைக்கு இரண்டு தட்டு இறங்கும்.
இடப்பக்கம் அவன், வலப்பக்கம் நான்,
ஒரே நேரத்தில் கழற்றினால்தான் கம்பி கவிழாது.
யாரும் சொல்லித் தரவில்லை,
இரண்டாம் நாளே கை பழகிவிட்டது.

கண் பழகவில்லை.
நான் எழுந்ததும் அவன் துணியை எடுப்பான்.
நான் படுத்த இடத்தை
தலைமாட்டிலிருந்து இடுப்புவரை
அழுத்தித் துடைத்துவிட்டுத்தான் படுப்பான்.

எண்ணத் தொடங்கினேன்.
எட்டு, பத்து என்று தூக்குவதை அல்ல,
துடைப்பதை.
ஒரு சாயங்காலத்துக்கு ஆறு தடவை.

ஏழாம் நாள் நானும் துணி கொண்டுபோனேன்.
அவன் படுத்த இடத்தை
அவன் பார்க்கும்படி நின்று துடைத்தேன்.
அடுத்த நாள் இன்னும் அழுத்தி.
பேச்சே இல்லை,
ரெக்சின் மட்டும் கீச்சுக் கீச்சென்றது.
மைதீன் பிச்சைக்குச் சந்தோஷம் தாங்கவில்லை:
“ஏல, இந்த ரெண்டு பேரையும் பாத்துப் படிங்கல!”

ஐப்பசி மழை.
கரண்ட் போய் எமர்ஜென்சி லைட் மட்டும்.
வீம்புக்கு எண்பது மாட்டியிருந்தேன்.
ஐந்து போயிற்று.
ஆறாவது நெஞ்சுக்கு மேலே நாலு விரற்கடையில் நின்றது,
மேலேயும் போகாமல் கீழேயும் வராமல்
கோர்ட்டில் கிடக்கும் கேஸ் மாதிரி.

தலைமாட்டில் அவன் வந்து நின்றான்.
கம்பிக்கு அடியில் கை, கம்பியில் படாத கை.
“பிடிக்கணுமா? சொல்லு.”
சொல்லாமல் தொடமாட்டான். அது இங்கே வழக்கம்.
எனக்கு வாய் வரவில்லை.
“சொல்லுல.”
“பிடி.”

கம்பி கொக்கியில் விழுந்த சத்தம்
கீழே டயர்க் கடைவரை கேட்டிருக்கும்.
அவன் தாடையிலிருந்து ஒரு சொட்டு
என் கண்ணுக்குள் விழுந்து எரிந்தது.
கண்ணைக் கசக்கிக்கொண்டே கேட்டேன்,
அந்த நேரத்தில்தான் கேட்க முடிந்தது:
“நான் எந்திரிச்சதும் ஏன் துடைக்க?”

அவன் என்னைப் பார்த்தான், சுவரைப் பார்த்தான்.
“நீ எந்திரிச்சா துடைக்க மாட்டுக்கியே.
குளம் மாதிரி கெடக்கு.
நான் எந்திரிச்சி என் இடத்தைத் துடைச்சிட்டுத்தான் போறேன்,
அதுக்குமேல நீ வந்து
எதைப் போட்டு அந்தத் தேய் தேய்க்க?”

அவன் எழுந்து துடைத்ததை
நான் எண்ணவே இல்லை.

இது முழு உண்மையா, தெரியாது.
அரை கிலோ குறைவாக இருக்கலாம்.
உடைந்த தட்டையும் மாட்டித்தான்
அவன் நூறு என்று கணக்குச் சொல்கிறான்,
நானும் நூறு என்றுதான் எண்ணிக் கொடுக்கிறேன்.

கரண்ட் வந்தது.
துணியை எடுத்து, எழுந்த இடத்தைத் துடைத்தேன்.
மூலையில் கொஞ்சம் ஈரம் நின்றது.
அவன் பார்த்தான்.
அப்படியே படுத்தான்.

“இன்னும் எத்தனை?” என்றேன்.
“ரெண்டு. நீ வலப்பக்கம் மாட்டு.”