பத்தரை மணிப் பூட்டு

மாத்திரைக்கு நேரம் இரவு பத்து.
கீழே கடையில் பியர்ப் பெட்டிக்குச் சங்கிலி விழுவது பத்தரைக்கு.
டாக்டரும் சட்டமும் கலந்து பேசாமல்
எனக்கென்று விட்டுவைத்த அரை மணி.

மருந்து உறையில் ஒட்டியிருக்கும் தமிழ் வரி
நான் எழுதியது.
சொல்லுக்கு இத்தனை காசு என்று பேசி
ஏழு வருஷம் முன்பு எழுதிக் கொடுத்தேன்:
மது அருந்துவதைத் தவிர்க்கவும்.
'கூடாது' போடலாமே என்றேன்.
சரிபார்க்கிற திருவாட்டி வேதநாயகி
"மிரட்டற மாதிரி இருக்கும்மா" என்றார்.
சுண்டுவிரல் நீள ஸ்டிக்கரில்
மிரட்டலுக்கு இடமும் இல்லை.
'தவிர்' நின்றுவிட்டது.
அந்தச் சொல்லுக்குப் பின்வாசல் உண்டென்று
அன்றைக்கு எனக்குத் தெரியாது.
ஞாயிறு தவிர.
தீபாவளி தவிர.
கணேசலிங்கம் மகள் கல்யாணம் தவிர.

சிராங்கூன் ரோட்டு ஹோட்டல், ஏழாவது மாடி.
திரும்ப நேரமாகும் என்று
எட்டு மணிக்கே மாத்திரையைப் போட்டுக்கொண்டுதான் போனேன்.
பெண்கள் மேசையில் ஆரஞ்சு ஜூஸ்.
ஆபீஸ் மேசையில் ஹுவீ மின் ஊற்றிய வைன்.
இரண்டே இரண்டு கிளாஸ்.

புக்கிட் பாஞ்சாங் குட்டி ரயிலின் கண்ணாடி
வீடுகளை உரசிப் போகும் இடங்களில்
தானே வெளுத்து மூடிக்கொள்ளும்,
அடுத்தவர் கூடத்தில் யார் அழுகிறார்கள் என்று
நமக்குத் தெரியாதிருக்க.
அன்றும் மூடியது. பிறகு தெளிந்தது.
நான் தெளியவில்லை.
ஃபஜார் என்றால் விடியல், செஞ்ஜா என்றால் அந்தி.
நடுவே இரண்டே நிலையம்.
நான் இறங்க வேண்டியது விடியலில்.
மூன்று முறை அதைத் தூங்கிக் கடந்திருக்கிறேன்.

தோளைத் தொட்டவள் நிலைய ஊழியர், முக்காடு போட்ட சின்னப் பெண்.
"ஆன்ட்டி, லாஸ்ட் டிரெயின்."
வாடை அடித்திருக்கும்; மூக்கைச் சுளிக்கவில்லை.
தன் பாட்டிலிலிருந்து தண்ணீர் கொடுத்தாள்.

மறுநாள் நாத்தனார் போன்.
"என்ன ஆச்சு, கண்ணெல்லாம் சொருகிப் போச்சாமே?"
மாத்திரை என்றால், பைத்தியமா என்பார்கள்.
வைன் என்றால், பொம்பளையா என்பார்கள்.
வெயில் ஒத்துக்கலை என்றேன்,
இரவு பதினொன்றரை மணி வெயில்.

விருந்தும் மருந்தும் மூன்று நாள்.
எனக்கு மருந்து மூன்று வருஷம்.
விருந்துக்குத்தான் மூன்று நாள் கணக்கு:
முதல் நாள் தலை,
இரண்டாம் நாள் காரணமில்லாத பயம்,
மூன்றாம் நாள் குளிக்கத் தோன்றாது.

பாலிகிளினிக்கில்
"குடிப்பதுண்டா?" என்றார், திரையிலிருந்து கண் எடுக்காமல்.
எப்போதாவது என்றேன்.
அவர் தட்டியது அதைவிடச் சின்னச் சொல்.

பொய் சொல்லக் கூடாது,
மருந்துக்கும் சிரிப்பில்லாத வீட்டில்
மருந்து வந்தபின் கொஞ்சம் சிரிப்பு வந்தது.
ஆனால் அழுகையைத் துடைத்த துணி
பக்கத்திலிருந்த வேறு எதையோ சேர்த்துத் துடைத்துவிட்டது.
அதைத் தேடித்தான் மூடியைத் திறக்கிறேன்.
அதில் இல்லை. ஒவ்வொரு முறையும் இல்லை.

இன்று செவ்வாய். பத்து பன்னிரண்டு.
அடுப்பு மேடையில் மாத்திரை,
பக்கத்தில் வியர்த்துக்கொண்டு ஒரு கேன்.
தெக்கோங் தீவிலிருந்து யுகேந்திரன் மெசேஜ்.
மொட்டை போட்டு ஐந்து வாரம்.
எப்போதும் ஆங்கிலம்தான்; தமிழில் பரீட்சைக்கு வெளியே
அவன் எழுதி நான் பார்த்ததில்லை.

மா அருந்து எடுத்தாச்சா

ஓர் எழுத்தில்லை.
பிழையா? இல்லை
சனிக்கிழமை வீட்டுக்கு வந்தவன்
குப்பைப் பையைக் கீழே கொண்டுபோனபோது
எண்ணினானா?

திருத்துவது என் பிழைப்பு.
பத்து இருபத்தெட்டு.
அங்கேயும் பத்தரைக்கு விளக்கை அணைத்துவிடுவார்கள்.
கேன் மேல் ஒரு சொட்டு
நின்று, யோசித்து, இறங்குகிறது.

விட்டுப்போனதை மட்டும் அனுப்பினேன்:

ம்